ஐந்து ரசீதுகள்

அத்தியாயம் 11

அன்று காலை தையலக்கா வீட்டை இரண்டு முறை பூட்டினாள். முதல் முறை பூட்டியதும், சம்மன் உறையை எடுத்துக்கொண்டோமா என்று சந்தேகம் வந்தது. திறந்து உள்ளே போய்த் தேடினாள். உறை தோளில் தொங்கிய பையிலேயே இருந்தது.

"பதறாதேம்மா," என்றாள் மூத்த மகள். "நாம என்ன திருடிட்டா போறோம்?"

"திருடினவளுக்குக்கூட இவ்வளவு கூச்சம் இருக்காது," என்று சொல்லிக்கொண்டே பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

மருத்துவமனைத் தையல் அறையில் கிழிந்த போர்வைகளுக்கு ஒட்டுப் போடுவதும், நோயாளிகளின் அங்கிக்கு நாடா தைப்பதும் அவள் வேலை. நர்ஸிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் தையலக்காதான். சென்ற வாரம் அந்த அறைக்கே ஒரு ஆள் தேடிவந்து, பத்துப் பேர் பார்க்க, சம்மனை நீட்டிக் கையெழுத்து வாங்கிப் போனான். அன்றிலிருந்து அவள் ஊசியை விட்டுத் தலை நிமிர்வதில்லை.

கடன் வாங்கியது உண்மை. ஆறு வருடங்களுக்கு முன், இளையவள் சிட்டுவின் சிகிச்சைக்காகக் கணவனும் மனைவியுமாகக் கையெழுத்துப் போட்டு வாங்கியது. பணம் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. சிட்டு வீடு திரும்பவில்லை. அப்போது அவளுக்கு வயது ஏழு.

கொஞ்ச காலம் தவணை கட்டினார்கள். பிறகு, லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்த கணவரின் வலது கை கம்பிக்குள் மாட்டி இரண்டு விரல்கள் போயின. சம்பளம் பாதியாயிற்று. தவணை நின்றது. கடன் கொடுத்தவர்கள் அதை ஒரு வசூல் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். அசலும் வட்டியும் அபராதமும் சேர்ந்து இப்போது அந்தக் கம்பெனி கேட்கிற தொகை, இருவர் சம்பளத்தையும் மூன்று வருடம் தொடாமல் எடுத்துக் கொடுத்தாலும் தீராது.

கணவர் விடிந்ததுமே கிளம்பிப் போயிருந்தார். பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றில் இப்போது அவர் லிஃப்ட் ஓட்டுகிறார். "நான் ஒரு நாள் போகலைன்னா, மறுநாள் அந்த ஸ்டூல்ல வேற ஆள் உக்காந்திருப்பான். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்துடுங்க," என்றார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் எப்போதுமே அளந்து பேசுகிறவர். 'ஒரு நாளைக்கு இருநூறு தடவை மேலே போறேன், சாயங்காலம் பாத்தா தரையிலதான் நிக்கிறேன்' என்று எப்போதாவது தன்னைத்தானே கேலி செய்துகொள்வார். அதற்கு மேல் பேச்சு இருக்காது.

*

கோர்ட் வராந்தாவில் உட்கார இடமில்லை. சுவரில் சாய்ந்து நின்ற ஆட்களின் தலை எண்ணெய் பட்டு, சுண்ணாம்பின் மேல் நீளமாக ஒரு கறுப்புப் பட்டை ஓடியது. எத்தனை வருடமாக எத்தனை பேர் இங்கே காத்து நின்றிருக்க வேண்டும் என்று நினைத்ததும், தையலக்கா சுவரை விட்டு விலகி நின்றாள்.

இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீலம்மா மூச்சு வாங்க வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஃபைல்களைக் காய்கறிப் பையில் போட்டு இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்தவர், ஒரு பையைக் கீழே வைத்துவிட்டு, "நல்ல சேதி ஒண்ணு இருக்கு," என்றார்.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க கடைசியாத் தவணை கட்டின தேதி அவங்க கொடுத்த பேப்பர்லயே இருக்கு. அதுலேர்ந்து இத்தனை நாளைக்குள்ள கேஸ் போடணும்னு சட்டத்துல ஒரு கெடு உண்டு. அந்தக் கெடு முடிஞ்சு எட்டு மாசம் கழிச்சுத்தான் இவங்க முழிச்சிருக்காங்க. நடுவுல நீங்க எதுவும் கட்டலையே?"

"கட்டறதுக்கு எங்கம்மா இருந்துச்சு?"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கெடு முடியறதுக்குள்ள ஒரு சின்னத் தொகை கட்டியிருந்தாலும், அந்த நாள்லேர்ந்து கணக்கு மறுபடி புதுசா ஆரம்பிச்சுடும்."

"இல்லம்மா. ஒண்ணும் கட்டல."

"அப்ப இந்தக் கேஸ் நிக்காது."

மூத்தவள் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். மருந்துக்கடையில் பில் போடுகிற வேலை அவளுக்கு. இரண்டு வருடமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள், லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர. சம்மன் வந்த அன்று அந்தப் பணத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டவள்.

தையலக்காவுக்குச் சந்தோஷம் உடனே வரவில்லை. "வாங்கின கடன் இல்லன்னு ஆயிடுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கோர்ட் மூலமா உங்ககிட்ட வாங்க முடியாதுன்னு ஆயிடும்," என்றார் வக்கீலம்மா. "நாலு வட்டி போட்டவங்களுக்காக நீங்க வருத்தப்பட வேண்டாம்."

பதினொன்றரைக்கு அவர்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

எதிர்த் தரப்பு வக்கீல் சின்ன வயசுக்காரர். கடுமையான ஜலதோஷம். ஒவ்வொரு தும்மலுக்கும் நீதிபதியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். வக்கீலம்மா கெடு முடிந்த விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர், பிறகு ஃபைலிலிருந்து ஐந்தைந்து தாள்களாக இரண்டு கட்டு எடுத்து ஒன்றை நீதிபதியிடமும் ஒன்றை இந்தப் பக்கமும் நீட்டினார்.

"எதிர்மனுதாரர் எங்க கவுன்ட்டருக்கு நேர்ல வந்து அஞ்சு தடவை பணம் கட்டியிருக்கார், ஐயா. முதல் ரசீது கெடு முடிய ரெண்டு மாசம் இருக்கும்போது போட்டது."

"ஒரிஜினல் எங்கே?"

"கிளை ஆபீஸ் மாத்தினப்போ தவறிப்போச்சு. நகல்தான் இருக்கு. ஆனா பணம் வாங்கின பொண்ணு இன்னும் எங்ககிட்டதான் வேலை பாக்கிறாங்க. சாட்சியா அழைச்சுட்டு வரத் தயார்."

வக்கீலம்மா நகலைத் தையலக்காவின் பக்கம் திருப்பினார். மாதத்துக்கு ஒன்றாக ஐந்து ரசீது. அற்பத் தொகை. ஒவ்வொன்றின் அடியிலும் கோணலான ஒரு கையெழுத்து. இரண்டு விரல் இல்லாத கை பேனாவைப் பிடித்தால் எழுத்து எந்தப் பக்கம் சாயும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"யார் கையெழுத்து இது?" என்று வக்கீலம்மா காதோடு கேட்டார்.

வக்கீலம்மா அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு நீதிபதியின் பக்கம் திரும்பி, "அவகாசம் வேணும்," என்றார்.

பதினான்கு நாள் கிடைத்தது. அன்றைக்குக் கணவர் நேரில் வந்து அது தன் கையெழுத்தா இல்லையா என்று சொல்ல வேண்டும். அவர் இல்லை என்று சொன்னால் கம்பெனி சாட்சியைக் கூட்டிவர வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள்.

*

வெளியே வந்ததும் வக்கீலம்மா பைகளைக் கீழே வைக்காமலே பேசினார். "அவர் தன் கையெழுத்து இல்லன்னு சொன்னா, அவரோடதுதான்னு அவங்கதான் நிரூபிக்கணும். வெறும் நகலை வெச்சுக்கிட்டு அது அவ்வளவு சுலபம் இல்ல. அவரோடதுன்னா கடன் உயிரோட இருக்கு. தவணையாக் கட்டக் கேட்டுப் பாக்கலாம். ஆனா உங்க ரெண்டு பேர் சம்பளத்துலயும் வருஷக்கணக்குல பிடிப்பாங்க." பைகளைக் கை மாற்றிக்கொண்டார். "நான் யாரையும் பொய் சொல்லச் சொல்றதில்ல. வீட்டுல உண்மையைக் கேட்டுட்டு வந்து எங்கிட்டச் சொல்லுங்க."

அவர் போனபிறகு மாடிப்படியில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள்.

"அப்பாவோடதுதானே?" என்றாள் மூத்தவள்.

தையலக்கா தலையசைத்தாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணினாரு?"

"கேட்டாத்தானே தெரியும்."

"காரணம் என்னவோ இருந்துட்டுப் போகட்டும்மா. இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. ஒரே ஒரு வார்த்தை."

"கோர்ட்டுல ஏறிப் பொய்யா?"

"வாங்கினதுக்கு மூணு மடங்கு கேக்கிறாங்களே, அது மட்டும் உண்மையா?" மூத்தவளின் குரல் உயர்ந்து, படியேறி வந்த ஒருவர் திரும்பிப் பார்த்ததும் தணிந்தது. "அந்தப் பொண்ணு வந்து என்ன சொல்லப்போகுது? நானும் கவுன்ட்டர்லதாம்மா உக்காந்திருக்கேன். காலையில மருந்து வாங்கினவரே சாயங்காலம் வந்து நின்னா எனக்கு முகம் ஞாபகம் இருக்காது. போன வருஷம் வந்தவரையா அது ஞாபகம் வெச்சிருக்கும்?"

தையலக்கா படியோரமாக ஒதுங்கி, ஏறி வந்தவர்களுக்கு வழிவிட்டாள்.

"சிட்டு எனக்கும் தங்கச்சிதாம்மா," என்றாள் மூத்தவள், தரையைப் பார்த்தபடி. "ஆனா நான் இருக்கேன்ல."

சொன்னதும் அவளுக்கே பயமாகிவிட்டது. அம்மாவின் பைவாரைத் தோளில் சரியாக இழுத்துவிட்டாள். "கடைக்கு நேரமாச்சு. நீ அப்பாவைப் போய்ப் பாரு. ராத்திரிவரைக்கும் என்னால தாங்காது," என்று சொல்லிவிட்டு மளமளவென்று இறங்கிப் போனாள்.

*

ஆறு மாடிக் கட்டடம். லிஃப்டுக்குக் கம்பிக் கதவு. இழுத்துச் சாத்தினால்தான் நகரும். உள்ளே ஒரு ஸ்டூல், சுவரில் பித்தளைக் கைப்பிடி. புது லிஃப்ட் போடக் கட்டடக்காரருக்கு மனசு வராதவரை கணவருக்கு வேலை உண்டு.

அவளைப் பார்த்ததும் அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார். பெரிய அதிகாரிகள் ஏறினால்கூட எழுந்திருக்காதவர்.

அவளோடு ஃபைல் கட்டு வைத்திருந்த ஒருவரும் ஏறினார். அவர் இரண்டாவது மாடியில் இறங்கும்வரை மூன்று பேரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவு சாத்தியதும், "ரசீது காட்டினாங்க," என்றாள். "அஞ்சு."

அவர் கைப்பிடியைத் திருப்பினார். லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறியது.

"ஏதுங்க பணம்?"

"பஸ்ஸுக்கு நீ குடுக்கிறதுதான். நடந்து போனேன்."

போன வருடம் ஐந்து மாதம், டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லி, அரை மணி முன்னதாகவே கிளம்பிப் போவார். உடம்பைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாரே என்று அவளும் சந்தோஷப்பட்டாள். மாலையில் வீங்கின காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்ததும் அவள்தான்.

நான்காவது மாடியில் டீ கொண்டுபோகும் பெண் ஏறினாள். "என்ன சார், வீட்டுலேர்ந்தா?" என்று சிரித்தாள். அவர் தலையசைத்தார். ஆறாவதில் அவள் இறங்கிப் போனாள்.

"மிரட்டினாங்களா?"

"முதல் தடவை ஃபோன் பண்ணினாங்க. கொஞ்சமாவது கட்டுங்க, இல்லன்னா உங்க வீட்டம்மா வேலை பாக்கிற இடத்துக்கு ஆள் வரும்னாங்க. நீ அங்க தலைகுனியக் கூடாதேன்னு போய்க் கட்டினேன்."

"மத்த நாலும்?"

கீழே மணி அடித்தது. லிஃப்ட் இறங்கத் தொடங்கியது.

இனியும் தள்ளிப்போட்டால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று அவள் வேகமாகச் சொன்னாள். "பதினாலு நாள் குடுத்திருக்காங்க. நீங்க வந்து, இது என் கையெழுத்து இல்லன்னு சொல்லிட்டா கேஸ் நிக்காதாம். அவங்ககிட்ட நகல்தான் இருக்கு. கவுன்ட்டர்ல இருந்த பொண்ணைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வருவாங்களாம். வரட்டுமே. நூறு பேர் வந்துபோற இடத்துல உங்களை எங்க அதுக்கு ஞாபகம் இருக்கப்போகுது?"

"இருக்கும்," என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

மூன்றாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவே அவர் லிஃப்டை நிறுத்தினார். அந்த ஸ்டூலில் உட்கார்ந்த நாளிலிருந்து அப்படி ஒரு காரியம் செய்ததில்லை. கம்பிக் கதவுக்கு வெளியே வெறும் செங்கல் சுவர் தெரிந்தது.

"எதுக்காகக் கடன் வாங்கினோம்னு அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்போல. மகளோட சிகிச்சைக்குன்னு. அந்தப் பொண்ணு ரசீது அடிச்சுக்கிட்டே கேட்டுச்சு. பாப்பா இப்ப எப்படி இருக்காங்க சார்னு."

தையலக்கா ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கான்னு சொல்லிட்டேன்."

மணி மறுபடி அடித்தது. அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"வாயில அதுவா வந்துடுச்சு. அந்தப் பொண்ணு சிரிச்சுது. நிசமாவே சந்தோஷப்பட்டுச்சு. என்ன படிக்கிறாங்கன்னுச்சு. ஏழாவதுன்னேன். வெளிய வந்து ரோட்டுல நிக்கிறேன்… அவளை ஸ்கூல்ல விட்டுட்டுத் திரும்பி வந்த மாதிரியே இருந்துச்சு எனக்கு."

அவர் பேசிக்கொண்டே போனார். இத்தனை சொற்களை அவர் ஒரே மூச்சில் பேசி அவள் கேட்டதில்லை.

"அடுத்த மாசம் போனது கடன் கட்ட இல்ல. அது கேக்கும்னுதான் போனேன். கேட்டுச்சு. படம் வரையறா, ஸ்கூல்ல பரிசு குடுத்தாங்கன்னேன். மூணாவது தடவை போறப்போ பரீட்சை முடிஞ்சிருந்துச்சு. எட்டாவதுக்குப் போயிட்டான்னேன். ஒரு தடவை காய்ச்சல்னு சொல்லிட்டு, அன்னிக்குப் பூரா எனக்குச் சோறு இறங்கல."

"ஏன் நிறுத்தினீங்க?"

"அஞ்சாவது தடவை அந்தப் பொண்ணு, அடுத்த மாசம் பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க சார், ஒரு தடவை பாக்கணும்னு சொல்லிடுச்சு." அவர் மூன்று விரல் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எப்படிக் கூட்டிட்டுப் போவேன்? அதோட போகல."

அவளுக்குக் கோபம் வந்தது. வர வேண்டும் என்று அவளே அதைப் பிடித்து இழுத்தாள். "ஆறு வருஷமா வீட்டுல அவளைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல நீங்க. நான் அவ சட்டையை மடிச்சு வைக்கும்போதுகூட எழுந்து வெளிய போயிடுவீங்க. யாரோ ஒரு பொண்ணுகிட்டப் போய்…"

"நீ அழுவ," என்றார்.

அவள் அழவில்லை. செங்கல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கையெழுத்து என்னோடது இல்லன்னு நான் சொல்றேன்," என்றார் அவர். "நீ சொன்னாச் சொல்றேன். பெரியவ படிப்பு எனக்குத் தெரியாமயா இருக்கு? ஆனா அந்தப் பொண்ணு அங்க வந்து, என்னைப் பாத்ததும் பாப்பாவைப் பத்திக் கேக்குமே. கேக்காம இருக்காது. அப்ப யாராவது சொல்லிடுவாங்க. அதுக்குத் தெரிஞ்சுபோயிடும்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நானே ஒத்துக்கிட்டா அந்தப் பொண்ணு வர வேண்டியதில்லைல?"

கேட்டுவிட்டு, அவள் வாயையே பார்த்தபடி நின்றார். அடுத்த எத்தனையோ வருடச் சம்பளமும், மேஜைமேல் வைக்கப்பட்ட மூத்தவளின் பணமும் அந்தக் கேள்விக்குள் இருப்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கேட்டார்.

கீழேயிருந்து யாரோ கதவைத் தட்டி, "என்னப்பா, தூங்கிட்டியா?" என்று கத்தினார்கள். அவர் கைப்பிடியைத் திருப்பினார்.

*

தரைத்தளத்தில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவர்களுக்கு வழிவிட்டு அவள் வெளியே வந்தாள். பைக்குள் ஃபோன் அடித்தது. மூத்தவள்.

"என்னம்மா, கேட்டியா? அப்பா என்ன சொன்னாரு?"

"இன்னும் கேக்கலம்மா," என்றாள் தையலக்கா. "ஆளுங்க ஏறி இறங்கிட்டே இருக்காங்க. பேச முடியல."

அந்தப் பக்கம் மருந்துக்கடையில் யாரோ மாத்திரை கேட்பது கேட்டது.

"சரிம்மா. மறக்காம கேளு. நான் மறுபடி கூப்பிடறேன்."

அதுவரை மூத்தவளிடம் அவள் பொய் சொன்னதில்லை. ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு வாசல்வரை போனாள். வெளியே பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், பஸ் போயிற்று. அவள் திரும்பி வந்து லிஃப்டுக்கு முன்னால் நின்றாள்.

லிஃப்ட் இறங்கி வந்தது. இறங்குகிறவர்கள் இறங்க, ஏறுகிறவர்களோடு அவளும் ஏறினாள்.

"எந்த மாடி?" என்றார் அவர், நிமிராமலே. பிறகுதான் பார்த்தார்.

"மேலே போங்க," என்றாள்.

ஒவ்வொரு மாடியாக ஆட்கள் இறங்கினார்கள். ஆறாவதில் கடைசி ஆளும் இறங்கிப் போக, அவர் கதவைச் சாத்தினார். கைப்பிடியைத் தொடவில்லை.

"கணக்குப் பாடம் எப்படின்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவள் பக்கம் திரும்பினார். "கேட்டுச்சு. சுமார்தான்னு சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க? அவளுக்குக் கணக்கு நல்லா வரும்."

"தெரியாமச் சொல்லிட்டேன்."

"ஒண்ணாவது படிக்கும்போதே கடையில மீதிக் காசு எண்ணிச் சொல்லுவா. நீங்கதான் எதையும் கவனிச்சதில்ல."

பைக்குள் ஃபோன் மறுபடி அடித்தது. மூத்தவளாகத்தான் இருக்கும். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று தையலக்காவுக்குத் தெரியவில்லை. பதினான்கு நாளில் தெரியுமா என்பதும் தெரியவில்லை. பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எட்டாவதுல அவளைப் பத்தி என்ன சொன்னீங்க," என்றாள். "முதல்லேர்ந்து சொல்லுங்க."